மெட்ரோ, வெளிவட்டச் சாலை, புதிய பேருந்து நிலையம் வந்தால் மனை விலை என்ன ஆகும்? சென்னைப் புறநகரில் வாங்குவோர், விற்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையைச் சுற்றி இன்று ஒரே நேரத்தில் பல பெரிய வேலைகள் நடக்கின்றன. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 110 கி.மீ.க்கு மேல் போகிறது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை சுமார் 133 கி.மீ. எல்லைச் சாலை வருகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் ஏற்கெனவே இயங்குகிறது. இவற்றில் எது பக்கத்தில் வந்தாலும் மனையின் விலை அசையும். எவ்வளவு அசையும், எப்போது, யாருக்குச் சாதகமாக என்பதுதான் கேட்க வேண்டியது. வாழ்நாள் சேமிப்பை ஒரு கிரவுண்டில் போடுகிறவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

திட்டம் அறிவித்த உடனேயே விலை ஏறிவிடுகிறதே, அது உண்மையான விலையா?

ஏறுவது பெரும்பாலும் சொல்கிற விலை. பத்திரத்தில் பதிவாகிற விலை அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஒரு திட்டம் அறிவிப்பு, விரிவான திட்ட அறிக்கை, நிதி ஒப்புதல், நிலம் எடுப்பு, கட்டுமானம், திறப்பு என்று பல படிகள் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் விலை கொஞ்சம் நகரும். ஆனால் விளம்பரப் பலகையில் எல்லாப் படிகளும் ஏறி முடிந்த விலைதான் எழுதியிருக்கும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தையே பாருங்கள். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில். அடிக்கல்லுக்கும் ஒப்புதலுக்கும் நடுவே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையான பறக்கும் ரயில் நீட்டிப்பு இதைவிடக் கடுமையான பாடம். மொத்தமே 5 கி.மீ. வேலை தொடங்கியது 2008-ல். ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கி.மீ. நிலத்தின் மேல் வந்த தகராறில் பத்தாண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. தூண்கள் நின்றன, ரயில் ஓடவில்லை. 'இன்னும் இரண்டே வருடம்' என்ற பேச்சை நம்பி அந்தத் தடத்தில் விலை கொடுத்தவர்கள், வராத ரயிலுக்கு வட்டி கட்டினார்கள்.

சொல்கிற விலையைச் சோதிக்க எளிய வழி வாடகைதான். நிலத்தின் விலையில் எதிர்பார்ப்பு கலந்திருக்கும், வாடகையில் கலக்காது. வரப்போகிற ரயிலுக்காக இன்று யாரும் 3,000 ரூபாய் கூடுதல் வாடகை கொடுக்க மாட்டார்கள். மூன்று ஆண்டுகளில் மனை விலை இரட்டிப்பாகி, அதே தெருவின் வாடகை அப்படியே நின்றால், ஏறிய பகுதி முழுக்க எதிர்பார்ப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வரப்போகிற ரயிலுக்கு இன்று எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ரயில் இல்லாத இன்றைய விலை சதுர அடிக்கு 5,000 ரூபாய். ரயில் ஓடத் தொடங்கினால் இன்றைய பண மதிப்பில் 6,500 பெறும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். வித்தியாசம் 1,500. வீட்டுக் கடன் வட்டியை 9 சதவீதம் என்று வையுங்கள். ரயில் ஐந்து ஆண்டில் வந்தால் அந்த 1,500-இன் இன்றைய மதிப்பு சுமார் 975 ரூபாய்தான். ஒன்பது ஆண்டு ஆனால் 690.

விற்பவர் இன்றே 6,500 கேட்டு நீங்களும் கொடுத்தால், ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) ஐந்தாண்டுக் கணக்கில் 12.6 லட்சம் அதிகம் கொடுத்தவர் ஆகிறீர்கள். ஒன்பதாண்டு என்றால் 19 லட்சத்துக்கு மேல். திட்டம் கைவிடப்படும் ஆபத்தை இதில் சேர்க்கவே இல்லை. அறிக்கை நிலையில் மட்டும் இருக்கும் திட்டம் என்றால், மேலே 975, 690 என்று வந்தது போன்ற தொகையில் பாதிக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை பேசப்படும் சுமார் 15 கி.மீ. மெட்ரோ நீட்டிப்பையும், தூண் எழும்பி நிற்கும் பூந்தமல்லி–போரூர் தடத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை பலன் கிடைக்கும்?

நடந்து போகிற தூரம்தான் கணக்கு. சுமார் 500 மீட்டர், ஆறேழு நிமிட நடை, வலுவான வட்டம். ஒரு கி.மீ.க்கு அப்பால் பங்கு ஆட்டோ, சிற்றுந்து இருந்தால்தான் பலன் எட்டும். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். ஜி.எஸ்.டி. சாலையின் எதிர்ப்பக்கம் நேர்கோட்டில் 200 மீட்டராக இருக்கும். சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ இல்லாவிட்டால் சுற்றிப் போக 900 மீட்டர் ஆகலாம். நிலையத்தின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை நிலைய வரைபடத்தில் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

உயர்த்தப்பட்ட தடத்தை ஒட்டிய வீடு வேறு கதை. இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேரே ரயில் போனால் சத்தமும் அந்தரங்கக் குறைவும் குடியிருப்பு மதிப்பைக் குறைக்கும். அதே மனை கடைக்கும் அலுவலகத்துக்கும் நல்ல விலை போகும். குடியிருக்க வாங்குகிறவருக்கு முதல் வரிசையைவிட இரண்டாம், மூன்றாம் தெரு மேல்.

வெளிவட்டச் சாலையை ஒட்டி நிலம் வாங்கினால் லாபம்தானே?

சாலை கண்ணுக்குத் தெரிவது வேறு, சாலைக்குள் ஏற முடிவது வேறு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சுமார் 62 கி.மீ. நீளம், 122 மீட்டர் அகலத்தில் நிலம் எடுத்துப் போட்டது. இத்தகைய சாலையில் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. சந்திப்புக்கும் அணுகுசாலைத் திறப்புக்கும் பக்கத்தில் இருக்கும் நிலம் கிடங்கு, லாரி நிறுத்தம், பெட்ரோல் பங்க் என்று விலை போகும். அதே சர்வே எல்லையில் 2 கி.மீ. தள்ளி, அணுகுசாலை இல்லாத வயலுக்குச் சாலையால் பெரிய நன்மை இல்லை. முன்பு நேராக ஊருக்குள் போன வண்டித் தடம் வெட்டுப்பட்டு, சுற்றிப் போகும் நிலையும் வரும். மழைநீர் ஓடிய வழி உயர்ந்த சாலையால் அடைபட்டிருக்கிறதா என்று ஒரு மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்ப்பது அவசியம்.

கிளாம்பாக்கம் வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் என்ன மாறியது?

முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30-ல். தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. கோயம்பேடு பேருந்து நிலையம் 2002-ல் திறந்தபோது அரும்பாக்கம், வடபழனி பக்கம் விடுதி, உணவகம், பார்சல் அலுவலகம் என்று எழுந்த தொழிலில் ஒரு பங்கு தெற்கே நகர்ந்தது. ஒரு திட்டம் ஓரிடத்தில் மதிப்பைக் கூட்டும்போது வேறொரு இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு வருவதும் உண்டு. வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, துணை வசதிகள் சேர்ந்து வரவில்லை. முனையம் திறந்த நாளில் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் இதனால் கூடியது முதலில் நெரிசல்தான். வணிக இடத்தின் வாடகை சாலையோரத்தில் உயரலாம். உள்தெருக்களில் குடியிருப்பு மதிப்பு, குடிநீரும் பாதாளச் சாக்கடையும் வந்த பிறகே நிலைக்கும்.

கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் கடை வைத்திருப்பவர் என்ன எதிர்பார்க்க வேண்டும்?

இறக்கம். தடுப்புத் தகடு வந்ததும் வண்டி நிறுத்த இடம் போகும், ஒருவழிப் பாதை வரும், நடந்து வருகிற வாடிக்கையாளர் குறைவார். முதல் கட்டத்தில் அண்ணா சாலையிலும் இரண்டாம் கட்டத்தில் ஆற்காடு சாலையிலும் இதுதான் நடந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டு இப்படிப் போகலாம். வாடகைக்கு இருப்பவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, முகப்பு அடைபட்டிருக்கும் மாதங்களுக்கு வாடகைக் குறைப்பை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு உரிமையாளர் மாறினால் நிற்காது.

சுரங்கப்பாதை உங்கள் கட்டடத்துக்கு அடியிலோ அருகிலோ போகிறது என்றால், தோண்டுவதற்கு முன்னால் ஒப்பந்ததாரர் தரப்பு கட்டட நிலையை ஆய்வு செய்யும். அந்த நாளில் வீட்டில் இருந்து, ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு நீங்களும் படம் எடுத்து, ஆய்வறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். பிறகு வருகிற விரிசலுக்கு அதுதான் சாட்சி.

நான் வாங்கும் மனை திட்டத்துக்குள் போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் இல்லாமல் எதுவும் ஆகாது. 'மனை எண் 14' என்பது லேஅவுட்காரர் வைத்த பெயர், அரசுக்கு அது தெரியாது. உட்பிரிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் நிலவரைபடத்தையும் எடுங்கள். பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். சில சென்ட் குறைந்திருந்தால் ஏற்கெனவே சாலைக்காக எடுத்திருக்கலாம்.

அடுத்து வில்லங்கச் சான்று. 30 ஆண்டுக்குப் போட வேண்டும். ஆனால் நிலம் எடுப்பு அறிவிக்கை வில்லங்கச் சான்றில் (இ.சி.) ஏறியிருக்கும் என்று எல்லா நேரமும் நம்ப முடியாது. பலர் ஏமாறுவது இங்கேதான். 'இ.சி. சுத்தமாக இருக்கிறது' என்பதற்கு அர்த்தம், பதிவான கடனோ விற்பனையோ இல்லை என்பது மட்டுமே. அறிவிக்கை அரசிதழிலும் நாளிதழிலும் கிராம அலுவலகப் பலகையிலும் வரும். எனவே கிராம நிர்வாக அலுவலரிடமும், அந்தத் திட்டத்துக்கென அமர்த்தப்பட்ட நில எடுப்பு வட்டாட்சியர் அலுவலகத்திலும் உட்பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) நிலப் பயன்பாட்டு வரைபடம். 2008-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண் எந்த வகைப்பாடு, அதன் மேல் உத்தேசச் சாலை போகிறதா என்று பார்க்கலாம். விவசாய வகைப்பாட்டில் உள்ள நிலத்தைக் 'குடியிருப்பு ஆகிவிடும்' என்று விற்றால், ஆன பிறகு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லைச் சாலையின் தடம் தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாகப் போகிறது. அந்தத் தடத்துக்குள் விழுந்த நிலத்தின் மேல் எதிர்பார்ப்பு விலை கொடுத்தால் அந்தப் பணம் திரும்பாது. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுக்கும்போது, முதல்நிலை அறிவிக்கை வந்தபின் அந்த நிலத்தைக் கைமாற்றவும் தடை உண்டு.

நிலம் எடுத்தால் இழப்பீடு எப்படிக் கணக்கிடுவார்கள்? சந்தை விலை கிடைக்குமா?

2014 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் கணக்குதான் அடிப்படை. இரண்டு மதிப்புகளை எடுத்து எது அதிகமோ அதை வைப்பார்கள். ஒன்று, பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. மற்றது, அறிவிக்கைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் அதே வகை நிலத்துக்குப் பதிவான பத்திரங்களில், அதிக விலை காட்டிய மேல் பாதியின் சராசரி. நகர்ப்புறமானால் அந்தத் தொகையை ஒன்றாலும், கிராமப்புறமானால் ஒன்று முதல் இரண்டு வரையான எண்ணாலும் பெருக்குவார்கள். கட்டடம், மரம், கிணறு ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டுவார்கள். மொத்தத்துக்கு 100 சதவீத ஆறுதல் தொகை சேரும்.

இந்தக் கணக்கில் 'சந்தை விலை' என்பது பத்திரத்தில் எழுதிய விலை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 6,000 ரூபாய்க்கு வாங்கி, 4,000 வழிகாட்டி மதிப்பிலேயே பதிவு செய்யும் வழக்கம் ஊர் முழுக்க இருந்தால் என்ன ஆகும்? ஒரு கிரவுண்டுக்கு 1.44 கோடி கொடுத்து 96 லட்சம் என்று எழுதுகிறீர்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் 4.32 லட்சம் மிச்சம். நிலம் எடுக்க வரும்போது உங்கள் தெருவின் எல்லாப் பத்திரமும் 4,000 என்றே சொல்லும். மறைத்த 48 லட்சமும் போகும், அதன் மேல் வரவேண்டிய 48 லட்ச ஆறுதல் தொகையும் போகும். 4.32 லட்சத்தை மிச்சம் பிடித்து 96 லட்சத்தை இழக்கிறோம். நமக்கு மட்டும் அல்ல, பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சேர்த்து. கொடுத்த விலையைப் பத்திரத்தில் எழுதுவது சட்டக் கடமை. ஊரின் பேரம் பேசும் பலமும் அதில்தான் இருக்கிறது.

தீர்வத்தில், அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவில், திருப்தி இல்லையென்றால் பணத்தை ஆட்சேபணையோடு பெற்றுக்கொண்டு, அதை எழுத்தில் பதிவு செய்து, உரிய ஆணையத்துக்கு அனுப்பும்படி ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். தீர்வம் சொல்லும்போது நேரில் இருந்தவருக்கு 2013 சட்டப்படி ஆறு வாரம்தான் கெடு. நேரடிப் பேச்சுவார்த்தையில் விலைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் பின்னால் கூடுதல் கேட்பது மிகக் கடினம். அங்கே கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வீட்டில் பாதியை மட்டும் எடுக்கிறார்கள், மிச்சம் குடியிருக்க உதவாது என்றால், 2013 சட்டத்தின்கீழ் எடுக்கும்போது முழுக் கட்டடத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க 94-ஆம் பிரிவு இடம் தருகிறது.

விமான நிலையம் வருகிற ஊரில் இப்போது வாங்கலாமா?

பரந்தூர் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. தேவைப்படும் நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலுக்காகவும் ஏரிக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடியதை நாடே பார்த்தது. இப்படிப்பட்ட திட்டத்தில் எல்லைக் கோட்டுக்கு உள்ளே இருப்பவர் வாழ்விடத்தை இழக்கிறார், வெளியே 2 கி.மீ. தள்ளி மனை போட்டவர் சம்பாதிக்கிறார். வாங்க நினைப்பவர் கோடு எங்கே என்று உட்பிரிவு எண் வாரியாகப் பார்க்க வேண்டும். ஓடுபாதைக்கு நேரே உள்ள பகுதியில் கட்டட உயரத்துக்கு வரம்பு வரும் என்பதையும் விலையில் கழிக்க வேண்டும்.

வழிகாட்டி மதிப்பு ஏறினால் என் சொத்தின் மதிப்பும் ஏறியதாகுமா?

இல்லை. அது அரசு வரி வசூலுக்கு வைக்கும் அடிமட்டம். 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், அன்றைக்கு யாருடைய மனையும் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடப்புக்கு வந்தன. உங்களுக்கு இது மூன்று இடத்தில் கைக்கு எட்டும்: பதிவுச் செலவு, நிலம் எடுப்பு இழப்பீட்டின் அடிமட்டம், கூடுதல் தளப்பரப்புக்கான கட்டணம்.

எந்தத் திட்டங்கள் விலையை இறக்கும்? அல்லது முடக்கும்?

குப்பைக் கிடங்கு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், வீட்டு வாசலை மறைக்கும் மேம்பாலம். மேம்பாலம் எழுந்தால் அடியில் உள்ள கடைகளை வண்டிகள் தாண்டிப் போய்விடும். பெருங்குடியில் பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் பணிபோல, இருக்கும் கேட்டை நீக்கும் வேலை விலையை நிதானமாகவும் உறுதியாகவும் தூக்கும். புதிய சாலையைவிட அது நம்பத் தகுந்த உயர்வு.

முடக்கம் என்றால் பள்ளிக்கரணை. அங்குள்ள சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லையைச் சுற்றி 1 கி.மீ.க்குள் புதிய கட்டுமான அனுமதிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் தடை போட்டபோது, பெரும்பாக்கம், ஜல்லடியன்பேட்டை வட்டாரத்தில் மனை வைத்திருந்த பலர் வரைபட அனுமதி வாங்க முடியாமல் நின்றார்கள். சதுப்பு நிலத்தைக் காப்பது நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பது, அதில் சமரசம் கூடாது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்டது போதும். நீர்நிலைக்கு ஒட்டிய மனையை எந்தத் திட்டத்தின் பெயராலும் வாங்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

பழைய அடுக்ககத்தில் சிறிய வீடு. மெட்ரோ பக்கத்தில் வருகிறது. எங்களுக்கு என்ன கிடைக்கும்?

உங்கள் வீட்டின் சுவருக்கு அல்ல, அடியில் உள்ள பிரிபடாத நிலப் பங்குக்குத்தான் விலை. இரண்டு கிரவுண்டில் (4,800 சதுர அடி) எட்டு வீடு என்றால் ஒருவருக்கு 600 சதுர அடி. பழைய விதியில் தளப்பரப்புக் குறியீடு (நிலப்பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 1.5, அதாவது 7,200 சதுர அடி கட்டியிருப்பார்கள். 2019 விதிகளில் அது 2. சாலை 12 மீட்டருக்கு மேல், 18-க்குள் இருந்தால் கட்டணம் செலுத்தி 40 சதவீதம் கூடுதல், ஆக 2.8. அதே நிலத்தில் 13,440 சதுர அடி. இந்த வித்தியாசத்துக்காகத்தான் கட்டுநர் உங்கள் கதவைத் தட்டுகிறார்.

கவனியுங்கள், கூடுதல் குறியீடு சாலை அகலத்தைப் பார்த்துத் தருவது. 9 முதல் 12 மீட்டருக்கு 30 சதவீதம், 18-க்கு மேல் 50. உங்கள் தெரு 20 அடி என்றால், வாசலில் மெட்ரோவே நின்றாலும் அந்தக் கூடுதல் கிடையாது. தெரு அகலத்தை நாடா வைத்து அளந்துவிட்டுப் பேச்சுக்கு உட்காருங்கள். 2022-ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழி உண்டு. ஒருவர் பிடிவாதத்தால் எல்லாம் நிற்கும் நிலை குறைந்திருக்கிறது.

சொத்து வரியும் ஏறுமா?

நிலையம் திறந்ததற்காகத் தானாக ஏறாது. மாநகராட்சி பொதுவாகத் திருத்தும்போதும், நீங்கள் வீட்டைக் கடையாக மாற்றும்போதும் ஏறும். 2022-ல் சென்னையில் பரப்புக்கேற்ப உயர்த்தினார்கள்.

விற்பனை ஒப்பந்தம் போட்டாயிற்று, பத்திரம் முடியவில்லை. நடுவில் நிலம் எடுப்பு அறிவிக்கை வந்தால்?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தப்பிக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன்னால் இந்த மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். இன்ன சர்வே உட்பிரிவு எந்த நில எடுப்பு அறிவிக்கையிலும் உத்தேசச் சாலையிலும் இல்லை என்று விற்பவரின் உறுதிமொழி. பத்திரப் பதிவுக்கு முன் அறிவிக்கை வந்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற கெடு. சாலைக்காக ஒரு பகுதி மட்டும் போனால் மிச்சப் பரப்பைச் சதுர அடிக் கணக்கில் வாங்குவதா, விலகுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவருக்கு. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 20 ரூபாய்த் தாளில் எழுதி வீட்டில் வைத்தால் மட்டும் போதாது.